பதினான்கு அடுப்புகளுக்கு நடுவே ஓர் இடம்

"இங்க இருந்த மூணு செங்கல் எங்க?"

வீரபாண்டி முதலில் பார்த்தது இரண்டு செருப்புகளைத்தான். பெண்பிள்ளைகளோடு பேசும்போது தரையைப் பார்த்துப் பேச வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன் அவன். செருப்பு... அதற்கு மேல் வெள்ளைச் சுடிதாரின் ஓரம்... கையில் மடித்துப் போட்டிருந்த வக்கீல் கோட்டு... அதோடு நிறுத்திக்கொண்டான்.

"சும்மா கெடந்துச்சுங்க. எங்க கட்சி மோர்க் கொட்டகைக் கயித்துக்குப் பாரமா வச்சிட்டேன்."

"சும்மா கிடந்ததா? அதுல சாக்பீஸ்ல பேரு எழுதியிருந்ததே, கண்டில்லையா?"

கண்டான்தான். ‘பகவதியம்மாள், சாலை’ என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. செங்கல் சூளைக்காரி பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இதை வெளியே சொல்லாமல் இருக்கும் அளவுக்கு அவனுக்கு அறிவு இருந்தது.

நாளை மறுநாள் ஆற்றுகால் பொங்காலை, ஆற்றுகாலம்மைக்குப் பெண்கள் தெருவிலேயே பொங்கலிடும் நாள். கிழக்கேகோட்டையிலிருந்து மணக்காடு வரை சாலையோரம் முழுக்க மூன்று மூன்றாகச் செங்கல் கிடக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் அடுப்பு. பெயரும் போன் நம்பரும் எழுதி வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் அவளுடையது. யாரும் தொடுவதில்லை. இந்த ஊரில் பிறந்த காக்கைக்குக்கூட அது தெரியும். வள்ளியூரிலிருந்து லிஃப்ட் கம்பெனி வேலைக்கு வந்து நாலே மாதம் ஆன வீரபாண்டிக்குத் தெரியவில்லை.

"இப்ப பாருங்க, உங்க புண்ணியத்துல!" அவள் கை நீட்டினாள். தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் முழுக்கப் புதிய செங்கற்கள்... பதினான்கு அடுப்பு. வித்துராவிலிருந்து வந்த ஒரு கூட்டம், இடம் காலி என்று நினைத்து வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தது.

"பத்தொம்பது வருஷமா எங்க அம்மை இந்த மரத்தடியிலதான் பொங்காலை இடுதா. இந்தத் தடவை ஹார்ட் ஆபரேஷன் ஆயிருக்கு. வெயில்ல இருக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. நிழல் இருந்தா போகலாம்னு ஆயிரம் கெஞ்சி சம்மதம் வாங்கினேன்..." கொட்டகையை நிமிர்ந்து பார்த்தாள். "பெரிசா பேனர் மட்டும் கட்டத் தெரியுது. ‘பக்தர்களுக்கு நல்வரவு’! அடுப்பு எது, கல்லு எதுன்னு அறியாத பக்தர்கள்!"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அவன் நிமிர்ந்தான்.

ஐயோ... அந்தக் கண்கள்! கோபமும் கண்ணீரும் ஒன்றையொன்று முந்தப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள். இருபத்தாறு வருடம் தரையைப் பார்த்தே பேசி எதையெல்லாம் தவறவிட்டிருக்கிறோம் என்று அந்த ஒரு நொடியில் அவனுக்குத் தெரிந்துபோனது.

அப்போதுதான் முதல் துளி விழுந்தது. கும்ப மாதத்தில், நம் மாசி வெயிலில், சொல்லாமல் வந்த மழை. செங்கற்களின் மேல் பொட்டுப் பொட்டாக விழ, சாக்பீஸ் எழுத்துகள் கரையத் தொடங்கின. வீரபாண்டி ஒரு கணம் பார்த்தான். மறுகணம் கம்பத்தில் ஏறி, காலையிலிருந்து அவனே கட்டிய கட்சி பேனரைச் சரசரவென்று அவிழ்த்து, பதினான்கு அடுப்புகள் மேலும் விரித்துவிட்டான். தலைவர்களெல்லாம் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி நனைந்தார்கள்.

நாலடி நடந்துவிட்ட அவள் திரும்பிப் பார்த்தாள். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

*

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வீரபாண்டி பழமையான பையன். அதில் அவனுக்கு வெட்கமே கிடையாது. விபூதி இல்லாமல் வெளியே இறங்க மாட்டான். வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொட மாட்டான். ஊரில் கட்சி மெம்பர்ஷிப் கார்டை லேமினேட் செய்து வைத்திருந்தான். "அது சிவப்புக் கொடிக்காரன் ஊரு லே. சாமி இல்லம்பான், சாக்கிரதை" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

வந்த ஊரோ அவனை நிம்மதியாக இருக்க விடவில்லை. டீக்கடையில் நாலு பேர் நாலு பத்திரிகையை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்ளப் போவதுபோல் கத்துகிறார்கள். பிறகு ஒரே பைக்கில் மூன்று பேராக ஏறிப் போகிறார்கள். டிசம்பரில் திரைப்பட விழா என்று ரூம்காரன் இழுத்துக்கொண்டு போனான். பெயர் தெரியாத தேசத்துப் படத்துக்கு, வேட்டி கட்டிய பெரியவர்கள் மூன்று மணி நேரம் வரிசையில் நிற்கிறார்கள்! ஒரு முத்தக் காட்சிக்கு வீரபாண்டி கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் அந்தப் படத்தில் கிழவி ஒருத்தி மகனுக்காக ரயிலடியில் காத்திருந்தபோது, பக்கத்துப் பெரியவர் நீட்டிய கைக்குட்டையை வாங்கித் துடைத்துக்கொண்டதும் அவன்தான்.

ஆனாலும் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போன வாரம்கூட எழுதியிருந்தான்: ‘இங்க ஒருத்தனுக்கும் சாமி பயம் கிடையாது.’

இப்போது சாமி காரியத்தைக் கெடுத்தது யார்? அவனேதான். அன்று அவன் சாப்பிடவில்லை.

*

மறுநாள் லீவு போட்டான். லிஃப்ட் வேலைக்குக் கொண்டு போகும் டேப்பால் மரநிழலை அளந்தான். பதினான்கு அடுப்பு. ஒவ்வோர் அடுப்புக்கும் விட்ட இடத்தில் மூன்று இஞ்ச் குறைத்தால் நாற்பத்திரண்டு இஞ்ச். மூன்றரை அடி. ஓர் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து பொங்க அது போதும்.

ஆனால் கேட்காமல் கல்லைத் தொடுவதா? இனிமேலா!

செங்கல்லில் இருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாக போன் போட்டான். அவனுடைய மலையாளத்துக்கு நாலு மாத வயது. முதல் அம்மா, பேங்க் பேரைச் சொல்லி ஏமாற்றுகிறவன் என்று திட்டி வைத்துவிட்டாள். இரண்டாவது அம்மா திட்டிவிட்டுப் பாதியில் அழுதாள். அவளுடைய தங்கைக்கும் ஆபரேஷனாம். ஸ்வப்னா என்று எழுதியிருந்த நம்பருக்குப் போட்டபோதுதான் விடிவு வந்தது. அந்தக் கூட்டத்துக்கே அவள்தான் தலைவி.

"ஹார்ட் ஆபரேஷன் கழிஞ்ச அம்மையோ? மூணு இஞ்சா... ஆறு இஞ்ச் எடுத்தோ மோனே! மத்தவங்ககிட்ட நான் பறையாம்."

முகம் தெரியாத ஒருத்தி. இரண்டு பஸ் மாறி வந்து பிடித்த இடம். ஒரு வார்த்தை எதிர்க் கேள்வி இல்லை. வீரபாண்டி போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவன் குனிந்து கல் நகர்த்துவதைப் பார்த்துக்கொண்டே கொட்டகைப் பொறுப்பாளன் ரதீஷ் வந்தான்.

"டேய், அது சிவப்பு யூனியன்காரன் சுடலைக்கண்ணுவோட பொண்டாட்டிக்கு உள்ள இடமாக்கும், அறியுமோ? பரவால்ல... நல்லதுதான். நாளைக்கு நம்ம கொட்டகை பக்கத்துல அவங்க பொங்காலை இடும்போது ஒரு ஃபோட்டோ எடுத்துப் பேஜ்ல போடணும். வைரல் ஆகும்!"

வீரபாண்டிக்குக் கல் கையில் கனத்தது.

சாயந்திரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சந்தில் வீட்டைக் கண்டுபிடித்துப் போனான். வாசலில் சுமை தூக்கும் தொழிலாளியின் நீலச் சட்டையோடு நின்றார் சுடலைக்கண்ணு. அவர் தோளுக்குப் பின்னால் அந்தக் கண்கள்.

"நான் லிஃப்ட் கம்பெனி வீரபாண்டி. இடம் ஒதுக்கியிருக்கேன் மாமா. நிழல்தான். செங்கல்லும் உங்க பழைய செங்கல்தான்."

"வேண்டாம் தம்பி," என்றார் அவர் அமைதியாக. "உங்க கட்சி தர்ற நிழல் எங்களுக்கு வேண்டாம். நாளைக்கே ஃபோட்டோ எடுத்து, ‘சிவப்புக்காரன் பொண்டாட்டி நம்ம கொட்டகையில’ன்னு போடுவீங்க. முப்பது வருஷம் சுமந்த பேரு எனக்கு."

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"கேக்கத்தான் செஞ்சாங்க மாமா. ஆனா எடுக்க விடமாட்டேன். தப்பு பண்ணுனது நான். இடத்தக் கேட்டு வாங்குனதும் நான். கட்சி இதுல எங்கனயும் இல்ல."

உள்ளேயிருந்து மெலிந்த குரல் ஒன்று வந்தது. "ஆற்றுகாலம்மைக்கு ரெண்டு கட்சியிலயும் மெம்பர்ஷிப் இல்லன்னு அவருகிட்ட சொல்லு அனுஷா."

அனுஷா! பெயர் கிடைத்துவிட்டது. சுடலைக்கண்ணு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

*

பொங்காலை அன்று விடிந்தபோது வீரபாண்டிக்கு ஊரே அடையாளம் தெரியவில்லை.

தினமும் அவன் பைக்கில் போகும் சாலை இல்லை அது. கண் போகும் தூரம் வரை பெண்கள்... பெண்கள்... பெண்கள் மட்டுமே. பஸ் ஸ்டாண்டில், பேங்க் வாசலில், பழவங்காடி கணபதி கோயில் முக்கில், பெட்ரோல் பங்கின் ஓரத்தில் எங்கும் புது மண்பானையும் ஓலைக் கட்டுமாய் உட்கார்ந்திருந்தார்கள். ஜரிகைக் கரை போட்ட கசவு முண்டு கட்டிய டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் மீன் விற்கிற அம்மா. பள்ளிவாசல் கேட்டைத் திறந்து வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே சிவப்புக் கொடி கட்டிய கொட்டகையில், விபூதி பூசாத தோழர்கள் வேர்க்க விறுவிறுக்க மோர் கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

‘ஒருத்தனுக்கும் சாமி பயம் கிடையாது.’ நினைத்தபோது காது சூடானது.

மரத்தடியில் அந்த மூன்றரை அடி மட்டும் காலியாகக் கிடந்தது. மணி எட்டு... ஒன்பது... யார் யாரோ வந்து கேட்டார்கள். ஸ்வப்னா தன் சோற்றுப் பையை அங்கே வைத்துக்கொண்டு, "ஆள் வருது, ஆள் வருது" என்று விரட்டிக்கொண்டிருந்தாள்.

வருவாளா... வரமாட்டாளா... மோர் டம்ளர் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றான் வீரபாண்டி.

ஒன்பதரைக்கு அந்த நீலச் சட்டை தெரிந்தது. தலையில் விறகும் பானையும் சுமந்தபடி சுடலைக்கண்ணு. அவருக்குப் பின்னால் அனுஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்து வந்தாள் பகவதியம்மாள். செங்கல்லில் தன் பெயரைப் பார்த்ததும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மழையில் அழிந்ததை அவன் திரும்ப எழுதியிருந்தான். தமிழில்.

பத்து மணி தாண்டி எங்கோ தொலைவில் வெடிச் சத்தம். கோயில் அடுப்பில் தீ மூட்டியாயிற்று! அந்தத் தீ ஓர் அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்கு, ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு, தெருத் தெருவாக வந்தது. யாரும் அதிகாரம் செய்யவில்லை. யாரும் முந்தவில்லை. ஸ்வப்னா எரியும் ஓலையை நீட்ட, பகவதியம்மாள் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். லட்சம் லட்சமாய் அடுப்புகள்... குரவைச் சத்தம்... ஊர் முழுக்க ஒரே புகை... வீரபாண்டிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை காலம் சாமி கும்பிட்டிருக்கிறான். இப்படிக் கைகூப்பத் தோன்றியது இதுதான் முதல் தடவை.

அப்போது ரதீஷ் போனைத் தூக்கினான்.

வீரபாண்டி யோசிக்கவில்லை. மோர் வாளியை வைத்துவிட்டுப் போய் கேமராவுக்கு முன்னால் நின்றான்.

"மாறி நில்லு டேய்!"

"மாட்டேன்ணே."

"நீ நம்ம ஆளா, அவங்க ஆளா?"

"நம்ம ஆளுதான். அதான் சொல்லுதேன், வேண்டாம். அந்த அம்மா சாமிகிட்ட உக்காந்திருக்காங்க. என்னைய வேணும்னா எடுத்துக்கோங்க."

ரதீஷ் முறைத்தான். பிறகு புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

வீரபாண்டி திரும்பியபோது சுடலைக்கண்ணு பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கையில் ஒரு வெறுங்குடம்.

"எங்க கொட்டகையில தண்ணி தீந்துட்டு," என்றார். "உங்களுதுல இருக்கா மருமோனே?"

தெற்கத்தியார் யாரைப் பார்த்தாலும் அப்படிக் கூப்பிடுவதுதான். வீரபாண்டிக்கும் அது நன்றாகவே தெரியும். தெரிந்துமென்ன... குடத்தில் ஊற்றியதில் பாதித் தண்ணீர் கீழே போயிற்று.

அப்போது பகவதியம்மாளின் பானை பொங்கியது. நுரை விளிம்பைத் தாண்டி வழிய, பதினான்கு பேரும் சேர்ந்து குரவையிட்டார்கள். புகைக்கு நடுவே அனுஷா அவனைத் தேடிப் பார்த்தாள். சிவந்து, கலங்கி, சிரித்த கண்கள்...

*

மதியம் பூசாரி வந்து தீர்த்தம் தெளித்துப் போன பிறகு கூட்டம் கலைந்தது. பானைகளோடு பெண்கள் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்கள். செங்கல் மட்டும் இருந்த இடத்திலேயே கிடந்தது. அனுஷா வாழையிலையில் பொங்கலோடு வந்தாள்.

"லிஃப்ட்காரரே... அம்மை தரச் சொன்னா."

"அம்மா மட்டுமா?"

அட, பேசிவிட்டானே! அவனுக்கே ஆச்சரியம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"செங்கல்ல எடுக்கலியா?" என்று பேச்சை மாற்றினான்.

"எடுக்க மாட்டாங்க. கார்ப்பரேஷன் லாரி வந்து பொறுக்கிட்டுப் போகும். வீடு இல்லாதவங்களுக்கு வீடு கட்ட."

அவன் நீண்டு கிடந்த சாலையைப் பார்த்தான். அத்தனை அடுப்பும் இனி யார் யாருக்கோ சுவர். இதற்கு மேல் எதையும் ஒளித்து வைக்க முடியவில்லை.

"அனுஷா... எனக்கு சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. அன்னைக்கு மழையில உங்களப் பாத்ததுல இருந்து நான் நானா இல்ல. உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க வீட்டுல முறைப்படி வந்து கேக்கச் சொல்லட்டுமா?"

அவள் வாழையிலையின் ஓரத்தை மடித்தாள்.

"நான் அப்பா கட்சியாக்கும். வோட்டை மாத்த மாட்டேன்."

"மாத்த வேண்டாம்."

"சினிமா விழாவுக்கு வருஷா வருஷம் போவேன்."

"கைக்குட்டை நான் கொண்டாரேன்."

கலகலவென்று சிரித்துவிட்டாள். பிறகு குனிந்து, கரி பிடித்த செங்கல் ஒன்றை எடுத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை அவளே உருவிக்கொண்டாள். அம்மாவின் பெயருக்குக் கீழே பத்து இலக்கங்களை எழுதி நீட்டினாள். கறுப்பில் வெள்ளை பளிச்சென்று இருந்தது.

"எல்லாருடைய நம்பரும் பாத்து போன் போட்டீங்களாமே... இதுல மட்டும் நம்பர் இல்லன்னு ஸ்வப்னா சேச்சி பறஞ்சா. லாரி வர்றதுக்குள்ள எழுதி எடுத்துக்கோங்க."

வீரபாண்டி ஒருமுறை படித்தான். பிறகு கட்டை விரலால் அத்தனை இலக்கங்களையும் அழுத்தித் துடைத்துவிட்டுக் கல்லைப் பழைய இடத்திலேயே வைத்தான்.

அவள் முகம் வாடிவிட்டது. "அழிச்சிட்டீங்களே...!"

"ஆமா. நாளைக்கு வீடு கட்டுத கொத்தனார் கூப்புட்டுட்டா?" என்றான் அவன், அவள் கண்களை நேராகப் பார்த்து. பிறகு பத்து இலக்கத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.