ஐந்து தகடுகள்

மூன்றாவது பஞ்சும் சிவப்பாகத்தான் வந்தது.

பழைய கேமராவின் ஷட்டரில் எண்ணெய் இறுகிப்போவது புதிதல்ல. பெட்ரோலில் தோய்த்து இரண்டு தடவை துடைத்தால், மயிரிழைக் கனமுள்ள ஐந்து தகடுகளும் பளிச்சிட்டுவிடும். துரு என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக். துருவுக்கு இந்த வெதுவெதுப்பு ஏது? மதிய வெயிலில் தெரு அடங்கிக் கிடக்க, பெட்ரோல் வாடையை மீறி, இரும்பைக் கடித்தாற்போல ஒரு நாற்றம் மேசையிலிருந்து எழுந்து அவர் நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்தது.

தகடுகளைக் காயவைத்து, விசையை ஏற்றி, பொத்தானை அழுத்தினார். க்ளிக்.

கடைக்குப் பின்னால் வீடு. திரைக்கு அப்பால் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை “ஸ்ஸ்” என்றாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லண்ணே. கண்ணுல ஏதோ குத்துச்சு.”

வேகத்தை மாற்றி மறுபடி அழுத்தினார்.

“அண்ணே, ரத்தம் வருது.”

மேசையில் கிடந்த சிவப்புப் பஞ்சுகளைப் பார்த்தார். கேமராவை அப்படியே கீழே வைத்திருக்கலாம். முப்பது வருஷத் தொழில் புத்தி விடவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாமே. நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு தடவை. ஒரே ஒரு தடவை.

விரலை எடுக்கும்வரை ஷட்டர் மூடாதபடி வைத்து அழுத்தினார். தகடுகள் விலகின. லென்ஸை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

வெளிச்சம் இல்லை. ஒரு கண் இருந்தது. ஈரமாக. இமை கிழிந்து. வெண்விழியில் தங்கையின் பிறவி மச்சம்.

அது அவரைத் தேடி உருண்டது.

விரலை எடுத்தால் மூடிக்கொள்ளும். எடுக்கவில்லை. வியர்வையில் பொத்தான் வழுக்கியது.

“ஏண்ணே பேச மாட்டேங்கிற?”

திரை விலகியது. ஒரு கண்ணைத் துணியால் பொத்தியபடி வந்தாள்.

“கிட்ட வராத” என்றார்.

“அதை ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்க? எனக்கு ஒண்ணும் ஆகல. பயப்படாத.”

“தொடாதம்மா.”

எப்போது அவர் சொல் கேட்டிருக்கிறாள்? பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்தாள். கேமராவோடு. விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரியமாக. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல்.

பிறகு ஆள்காட்டி விரல்.

க்ளிக்.

அவளுடைய பிடி தளரவில்லை. இறுக மூடிய ஐந்து தகடுகளின் நடுவே, சிக்கிய ஓர் இமைமுடி துடித்துக்கொண்டிருந்தது.