இரண்டாவது பதில்

பதில் ஒன்றுதான் வர வேண்டும். இரண்டு வந்திருந்தது.

குமுதா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடியும் லேப்டாப்பைப் பார்த்தாள். கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தின் மூன்றாவது மாடி, கடைசி அறை. உறை கழற்றிய மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். டெட்டால் போட்டுக் கழுவியும் அடியில் பழைய தைல வாடை போகவில்லை. வெளியே மத்தியான மழை ஏர்கோன் பெட்டிகளின் மேல் விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே கூரை ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய இரைச்சல் இறங்கிக்கொண்டிருந்தது.

பழுது பார்க்க வந்தவளுக்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை. கீழே கவுண்டரில் ஒரு முறை பேசினால், குழுவில் சேர்ந்திருக்கும் எல்லா ஸ்பீக்கருக்கும் குரல் ஒரே நேரத்தில் போகும். மல்டிகாஸ்ட் என்பது அவ்வளவுதான். இந்த மாடியில் குரல் விட்டு விட்டு வருகிறதாம். அதனால் கீழே ஒரு லேப்டாப்பில் சோதனைக் கட்டளையை ஓடவிட்டு, மேலே தன் லேப்டாப்பிலிருந்து குழுவைக் கூப்பிட்டாள். அந்தக் கட்டளை ஓடுகிற இயந்திரம் மட்டுமே பதில் சொல்லும். கருப்புத் திரையில் முதல் வரி கீழே இருந்த லேப்டாப்புடையது. இரண்டாவது வரியில், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்ஜியங்கள்.

எவனாவது பழைய பெட்டியைக் கழற்றாமல் போயிருப்பான். எப்போதும் இதே கதைதான், ஒருத்தன் போட்டுவிட்டுப் போவான், இவள் வந்து தேடிச் சாக வேண்டும். வீட்டில் கணவர் சிவநேசன் படுக்கையில் கிடக்கிறார். ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருடமாக அவருக்குப் பேச்சில்லை, வலது கை அசைவதில்லை. பார்த்துக்கொள்ளும் நல்லம்மாள் பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு அவர் தனி. ஒவ்வொரு நாளும் வீடு திரும்புகையில் குமுதாவுக்கு ஒரே பயம், உள்ளே மூச்சு இருக்குமா.

அனுப்பும் செய்தி எவ்வளவு தூரம் போகலாம் என்று ஓர் எண் கொடுக்கலாம். அதைக் குறைத்துக்கொண்டே வந்தால் பதில் சொல்வது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்று கொடுத்தாள். இரண்டு பதில். ஒன்று கொடுத்தாள். இந்த மாடியைத் தாண்டாததால் கீழ் லேப்டாப் அடங்கியது. பூஜ்ஜியங்கள் அடங்கவில்லை. கடைசியாகப் பூஜ்ஜியம் கொடுத்தாள். அப்படியென்றால் செய்தி அவள் மடியில் இருக்கும் இயந்திரத்தைவிட்டு வெளியே போகாது. போதாததற்கு வயரையும் பிடுங்கினாள்.

பதில் வந்தது. முன்னைவிடச் சீக்கிரமாக.

"இன்னும் முடியலயாக்கா?" தாதி பிலோமினா அவளுக்குப் பின்னால் நடையில் நின்றிருந்தாள்.

"கூப்பிட்டா பதில் வருது. ஆளத்தான் காணோம் லா."

பிலோமினா சிரிக்கவில்லை. "இது தம்புசாமி அங்கிள் ரூம். இன்னிக்குக் காலையிலதான் பாடிய எடுத்துட்டுப் போனாங்க. அவருக்குப் பேச்சு வராது. மூச்சு இழுத்து விட்டா விசில் மாதிரி கேக்கும். ஆனா யாரு கூப்பிட்டாலும் சும்மா இருக்க மாட்டாரு, கட்டில் கம்பிய மூணு தட்டுத் தட்டுவாரு."

குமுதா கருப்புத் திரையை மூடிவிட்டு வயரைத் திரும்பச் செருகினாள். நெட்வொர்க் ஸ்விட்சில் தப்பாக இருந்த ஒரு செட்டிங்கை மாற்றினாள், குரல் சரியாக வந்தது, அது போதும். பையைத் தோளில் மாட்டி, வயர் ஏதும் விட்டுப்போனதா என்று வாசலில் நின்று அறையை ஒரு தடவை பார்த்தாள்.

"சரி, போயிட்டு வரேன்."

ஊரான் வீடுகளில் ஏறி இறங்கியே பழகிய வாய். சாவு நடந்த இடத்தில் அதைச் சொல்லக் கூடாது, பேசாமல் கிளம்பிவிட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்கிட்டதானேக்கா சொன்னீங்க?"

"உன்கிட்டதான்" என்றாள் குமுதா. ஆனால் சொன்னபோது அவள் முகம் அறையைப் பார்த்திருந்தது.

பெடரல் ஹைவே முழுக்க மழை, வண்டிகள் நகராத ஜேம். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. கதவைத் திறந்தவள் விளக்கைக்கூடப் போடாமல், அவர் அறையை எட்டிப் பார்க்கப் பயந்து, சமையலறைக்குப் போய் நின்றாள். சிவநேசனின் கட்டிலருகே மைக் வைத்த சின்னப் பெட்டி ஒன்று, சமையலறையில் ஒரு ஸ்பீக்கர். இல்லத்தில் இருக்கும் அதே ஏற்பாட்டை அவளே வீட்டிலும் செய்திருந்தாள்; சோதனைக் கட்டளையும் இரண்டிலும் எப்போதும் ஓடும். அந்த ஒலி இந்த வீட்டைவிட்டு வெளியே போகாது, அதனால் வழியில் கேட்க முடியாது, வந்துதான் கேட்க வேண்டும்.

மூச்சு கேட்டது. குட்டையாக, முடிவில் லேசாகத் தடுக்கி. அவருடையது. அப்பாடா என்று அவளுக்குக் கண் கலங்கியது. கெத்தலில் தண்ணீர் பிடித்தாள்.

குழாயை மூடினாள்.

குட்டை மூச்சு. தடுக்கல். பிறகு இன்னொன்று.

நீளமாக. விசிலோடு.

கை ஈரத்தைத் துடைக்காமலே லேப்டாப்பைத் தரையில் வைத்துத் திறந்தாள். குழுவைக் கூப்பிட்டாள். கட்டில் பெட்டி பதில் சொன்னது. சமையலறை ஸ்பீக்கர் சொன்னது. மூன்றாவது வரி.

பூஜ்ஜியங்கள்.

அறைக்கு ஓடினாள். சிவநேசன் கண்மூடிக் கிடந்தார். வேறு யாருமில்லை. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். சமையலறை அடங்கியது. அறை அடங்கவில்லை.

அவர் மார்பில் காதை வைத்தாள். தைல வாடை. இந்த வீட்டில் யாரும் தைலம் பூசுவதில்லை.

குட்டை மூச்சு. தடுக்கல்.

நீள மூச்சு.

குட்டை மூச்சு.

நீள மூச்சு.

காத்திருந்தாள். குட்டை மூச்சு வரவில்லை.

மார்பு மட்டும் ஏறி இறங்கியது. நீளமாக. விசிலோடு.

கூப்பிடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடப் பழக்கம், வாய் கூப்பிட்டுவிட்டது.

"என்னங்க."

இரண்டு வருடமாக அசையாத வலது கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல எழுந்து கட்டில் கம்பியை மூன்று தட்டுத் தட்டியது. பிறகு கம்பியின் மேலேயே விரல்களை வைத்துக்கொண்டு, அவள் மறுபடியும் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தது.