ஏணிக்கால் நின்ற இடம்

14-3-1996, வியாழன். இன்று ஒரு சின்னத் தவறு. பீளமேட்டு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஏணிக்கால் நின்ற இடத்துக்கு மட்டும் ரப்பர் பூச்சு பூச மறந்துவிட்டேன். பாதி வழி வந்த பிறகுதான் நினைவு வந்தது. மாரப்பண்ணன் இல்லாமல் தனியாகத் தொட்டிக்குள் இறங்கியதும் தவறு. இரண்டையும் முதலாளி தேவதாஸ் சாரிடம் சொல்லவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஜெப்ரி பேனாவை மூடினான். எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது. எழுதினால் அசட்டுத்தனமாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

தண்ணீர் கசியாமலிருக்கப் பூசும் இடம் குளமோ மொட்டைமாடியோ என்றால் பயமில்லை, காற்று இருக்கும். தரைக்கடியில் கட்டிய தொட்டி அப்படியில்லை. கறுப்பு ரப்பர் பூச்சின் நெடி உள்ளேயே தேங்கி நிற்கும். வலி எதுவும் தெரியாது, தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான். அதனால் ஒருவன் உள்ளே பூசும்போது இன்னொருவன் மேலே நின்று அவ்வப்போது அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். உள்ளே இருப்பவன் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் உடனே வெளியே இழுக்க வேண்டும். மாரப்பன் ஒரு சாவு வீட்டுக்குக் கருமத்தம்பட்டி போய்விட்டதால் அன்று மேலே ஆளில்லை. ஜெப்ரி உள்ளேயிருந்து தானே "ஜெப்ரி" என்று கூப்பிட்டுத் தானே "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டான். முதலில் வெட்கமாக இருந்தது. போகப்போகத் துணைக்கு ஆள் இருப்பது போலவே இருந்தது. வேலை முடிந்து மேலே வந்த பிறகும், வாய்ப்பழக்கத்தில், தொட்டியின் வாய்க்கு மேல் குனிந்து ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு மூடியைத் தள்ளினான். இரும்பு மூடி விழுந்த சத்தத்தில் வேறொன்றும் காதில் விழவில்லை.

மறுநாள், தான் படிக்கும் மாலை வகுப்புக்குப் போகும் முன் வேலையை முடித்துவிடலாம் என்று, மிச்சமிருந்த டின்னையும் பிரஷ்ஷையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். அவன் மணி அடிப்பதற்குள் கேட் திறந்தது. அந்த வீட்டுக்கார அம்மாள் வெங்கடலட்சுமி தூக்கமில்லாத கண்களோடு நின்றாள்.

"ஏனுங்க சார், இப்பத்தான் வர நேரங் கெடச்சுதாக்கு?"

"கொஞ்சம் பூச்சு பாக்கி இருக்குதுங்கம்மா. முடிச்சுப்போட்டு..."

"பூச்சு கெடக்கட்டும். உன்ற ஆளை மொதல்ல வெளிய எடு."

"எந்த ஆளுங்க?"

"என்னையப் பாத்தா கேனச்சியாட்டத் தெரியுதா? நேத்து நீ பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருந்தே, அவன் இருக்கேன் இருக்கேன்னுட்டே இருந்தான். ரெண்டையும் நான் சமையல்கட்டுல இருந்து கேட்டேன். அப்புறம் பாத்தா நீ மட்டும் சைக்கிள் ஏறிப் போறே."

ஜெப்ரிக்கு முகம் சுட்டது. "கூப்பிட்டதும் நாந்தானுங்க. பதில் சொன்னதும் நாந்தானுங்க."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தேவதாசு நல்ல ஆளைத்தான் அனுப்பியிருக்கான். சரி, நீயேன்னே வெச்சுக்கறேன். ராத்திரி பூரா சொல்லிட்டுக் கெடந்தது ஆரு?"

"மூடியைத் தொறந்து பாத்தீங்களா?"

"காயற வரைக்கும் ஆருந் தொறக்கப்படாதுன்னு நீதானே சொன்னே?"

சொன்னது அவன்தான். ஜெப்ரி டின்னைக் கீழே வைத்தான். நேற்று பின்பக்கக் குழாயடியில் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவப் போனபோது மூடி திறந்தே கிடந்தது. குடிகாரன் எவனாவது கேட்டைத் தாண்டி வந்து உள்ளே விழுந்திருந்தால்? விழுந்தவன் தலைக்கு மேல்தான் அவன் மூடியைப் போட்டுவிட்டுப் போனான். ராத்திரி முழுவதும் அந்த நெடிக்குள் ஒரு மனிதன். இன்னும் மூச்சு இருக்கிறதோ இல்லையோ.

மூடியை நகர்த்தியதும் நெடி முகத்தில் அறைந்தது. தாரும் எரிந்த டயரும் கலந்த வாசம், அதற்கடியில் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்தது போல ஒரு புளிப்பு. வயரில் கட்டிய பல்பை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தான். மேலிருந்து தெரிவது தொட்டியின் முன்னறை மட்டும்தான். நடுவில் ஒரு குறுக்குச் சுவர், அதன் அடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்கு அந்தப் பக்கம் பின்னறை. முன்னறையில் யாரும் இல்லை.

"யாருங்க உள்ளே?"

பதில் இல்லை. மயங்கிக் கிடக்கிறான் போல.

"அம்மா, ஒரு உதவி பண்ணுங்க. நான் எறங்குனதும் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருங்க. பதில் வல்லீன்னா அக்கம்பக்கத்துல ஆரையாச்சும் கத்திக் கூப்பிடுங்க."

"ம். எனக்கு இருக்கற வேலையில இது வேறயா? பேரென்ன, ஜெப்ரிதானே?"

ஏணியை இறக்கிக் காலை வைத்தான். மூக்கில் கட்டிய துண்டையும் மீறித் தொண்டை எரிந்தது. நாலு பக்கமும் கறுப்புச் சுவர், பல்பு ஆட ஆட, எருமைத் தோல் போலப் பளபளத்து, மூச்சு விடுவது போல உப்பி அடங்கியது. வெளிச்சம் ஆடுவதால்தான் அப்படித் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டான். குனிந்து, நேற்று ஏணிக்கால் நின்ற இடத்தைப் பார்த்தான்.

பூசியிருந்தது.

பிரஷ் தடம் இல்லை. விரல்களால் வழித்துத் தேய்த்த தடம். அழுத்தி, பொறுமையாக, ஓரம்கூட விடாமல். நான்தான் பூசிவிட்டு மறந்தேனா? கையால் பூசுவேனா?

"ஜெப்ரி!"

"இருக்கேனுங்க!"

பல்பின் வயர் பின்னறை வரை எட்டவில்லை. அதை ஏணியில் மாட்டிவிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓட்டைக்குள் தவழ்ந்தான். தரை உள்ளங்கையைப் பிடித்துப் பிடித்து விட்டது. ராத்திரியே காய்ந்திருக்க வேண்டியது. தலைக்குள் லேசாக ஓர் இரைச்சல். உள்ளே போய் எழுந்து நின்று மூலைமூலையாக வெளிச்சம் அடித்தான்.

யாரும் இல்லை. பிணமும் இல்லை, ஆளும் இல்லை. உடம்பு முழுக்கத் தளர்ந்து, சிரிப்புக்கூட வந்தது. அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடலாம்.

திரும்பும்போது டார்ச் எதிர்ச்சுவரில் விழுந்தது.

அங்கே பூச்சு இல்லை. மற்ற இடமெல்லாம் கறுப்பு, அங்கே மட்டும் வெறும் சிமெண்ட், வெளுத்த சாம்பல் நிறத்தில். உரித்தெடுத்தது போல ஓரங்கள் சுருண்டு நின்றன. தலை. தோள். உடம்போடு ஒட்டிய இரண்டு கைகள். கொஞ்சம் அகட்டி வைத்த கால்கள்.

அவன் உயரம்.

மேலே அம்மாள் கூப்பிட்டாள். "ஜெப்ரி!"

அவன் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான்.

"இருக்கேனுங்க!"

குரல் முன்னறையிலிருந்து வந்தது. அவன் இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை.

பிறகு ஏணி கிறீச்சிட்டது. ஒரு படி. இன்னொரு படி. மெதுவாக, ஈரமாக, ஒட்டி ஒட்டிப் பிரியும் பாதங்களின் சத்தம். ஓட்டையின் வழியாக வந்துகொண்டிருந்த பல்பு வெளிச்சம் ஆடியது. மேலே போனது. மங்கியது.

ஜெப்ரி தரையில் விழுந்து ஓட்டைக்குள் பாய்ந்தான். தோள் சிக்கியது. சட்டை தரையோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தான். வரவில்லை. டார்ச் கையை விட்டு உருண்டு அணைந்தது. தலையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டி மேலே பார்த்தபோது, சதுர வெளிச்சத்தில் ஏணியின் கால்கள் மேலேறிப் போய்க்கொண்டிருந்தன.

"அம்மா! நான் இங்க இருக்கேன்! அது நான் இல்லீங்க! அம்மா!"

"என்னப்பா," வெங்கடலட்சுமியின் குரல் தெளிவாகக் கேட்டது. "ஆளு இருந்தானா?"

"ஆருமில்லீங்கம்மா. நான் ஒருத்தன்தான்."

மேலே பேசியது அவன் குரல். அந்தக் கடைசி இழுப்பு வரைக்கும்.

"அம்மா!"

"இன்னுங் கத்தறானே. உனக்குக் கேக்குலியா?"

"எதிரொலிங்கம்மா. காலித் தொட்டின்னா அப்படித்தானுங்க. தண்ணி நெறஞ்சா நின்னு போயிரும்."

அவள் குனிந்து பார்த்தாள். சதுரத்தில் அவள் தலையும், அதன் பக்கத்தில் இன்னொரு தலையும். அவன் கத்தினான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. தரையிலிருந்த பூச்சு கன்னத்தில் ஏறி, உதட்டோரம் வரை வந்து, குளிர்ந்து, இறுகிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுந் தெரியல," என்றாள் அவள். "ராத்திரியெல்லாம் தூக்கம் போனதுதான் மிச்சம். அப்ப எப்பத் தண்ணி உடறது?"

"பூச்செல்லாம் முடிஞ்சுதுங்க. நாளைக்கே உட்டரலாங்க."

"லாரிக்காரனுக்குச் சொல்லிப்போடட்டுமா?"

"சொல்லுங்க. வெடிஞ்சதும் வரச் சொல்லுங்க." இரும்பு மூடி கல்லில் உரசத் தொடங்கியது. "வாய் வரைக்கும் நெரப்பிப்போடுங்க."