சொல்லிக்கொண்டு கிளம்பியவள்

ரேஷ்மா சொல்லி முடித்ததும் அழுகை நின்றது.

அதுவரை ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஓலமிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் பறைச் சத்தம் காதைப் பிளந்தது. ஊதுபத்திப் புகையும் ரோஜா மாலை வாசனையும் வேர்வை நாற்றமும் கலந்து அந்தச் சின்னக் கூடத்தில் மூச்சு விட முடியவில்லை. இத்தனைக்கும் நடுவில் அவள் மெதுவாகத்தான் சொன்னாள். பெட்டியின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து, தினமும் ஹாஸ்டல் வார்டனிடம் சொல்வதுபோல, "போயிட்டு வரேன்க்கா" என்றாள். அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். வெளியே பறையும் நின்றுவிட்டது. பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பேபி அவள் மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தாள். "இன்னா பொண்ணு நீ, இங்க வந்து இத்த சொல்லிக்கினு கீற?" என்று கேட்டாள். திட்டுகிற குரலாக இல்லை. பரிதாபப்படுகிற குரலாக இருந்தது. 

ரேஷ்மா தென்னாப்பிரிக்காவில் டர்பனில் பிறந்து வளர்ந்தவள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவோடு போன தமிழ், அவள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தேய்ந்துபோயிருந்தது. தாம்பரத்தில் எம்.ஏ. படிக்க வந்த இந்த ஒன்றரை வருடத்தில், அறைத்தோழி ஜீவிதா தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த தமிழைத்தான் அவள் பேசினாள். முதல் பாடமே இதுதான்: கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக் கூடாது, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் மட்டும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்பதைச் சொல்ல ஜீவிதாவுக்குத் தோன்றவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பாடமா என்ன?

உண்மையில் அவர்கள் மூவரும் சாவுக்கென்று கிளம்பவே இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாமல்லபுரம் தாண்டிக் கடற்கரையோரம் தங்குவதாகத் திட்டம். கார் கூடப் படிக்கும் ஜோஷ்வாவுடையது, அதாவது அவன் அப்பாவுடையது. காலையில் கிளம்பும் நேரத்தில் ஜீவிதாவின் அப்பா போன் செய்து, அனகாபுத்தூர் பெரியப்பா மகள் துர்கா விடியற்காலை போய்விட்டாள், வண்டிதான் இருக்கிறதே, பத்து நிமிஷம் தலையைக் காட்டிவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார். துர்காவுக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. பார்க்கப் போனவர்கள் எல்லாரும் போயிட்டு வரேன் என்றார்கள், எவரும் மறுபடி போகவில்லை. பொங்கலன்று போன ஜீவிதாவும் அப்படித்தான். வரும் வழியில் சிப்ஸ் கொறித்துக்கொண்டே இதை அவளே சொன்னாள்.

கார் துர்கா வீட்டுச் சந்திலிருந்து வெளியே வந்ததும் ஏசி காற்றில் ரோஜா வாசனை வந்தது. ஜோஷ்வா கண்ணாடியை இறக்கினான், ஏற்றினான், மறுபடி இறக்கினான். வாசனை போகவில்லை. பல்லாவரம் வந்து ரேடியல் ரோட்டைப் பிடித்தார்கள். கீழ்க்கட்டளை அவன் சொந்த ஊர், கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஓட்டுவான். சிக்னல் தாண்டி, டேங்கர் லாரி ஒன்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி, மறுபடி வண்டியை நேராக்கினான். எதிரே அகலமான ரோடு இல்லை. அடையாற்றுச் சேற்று நாற்றமடிக்கும் அதே குறுகலான சந்து இருந்தது. சந்தின் கடைசியில் நீலமும் சிவப்புமான சாமியானா. அதன் கீழே வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள்.

முதல் தடவை சிரித்தார்கள். மேப்பைத் திட்டினார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் எங்கேயோ திரும்பிவிட்டதாக ஜோஷ்வா சாதித்தான். ரேஷ்மாவும் சிரித்துவைத்தாள். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் யாரும் காரைப் பார்க்கவில்லை, ஆனால் வண்டி திரும்பக் கொஞ்சம் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

இரண்டாம் தடவை ஜிஎஸ்டி ரோட்டில் போனார்கள். குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் ஜீவிதா வாய்விட்டுப் படித்தாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வண்டலூரில் கேளம்பாக்கம் பக்கம் இடது கை திரும்பியதும் சேற்று நாற்றம் அடித்தது. சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மலர் ஜோடித்த வண்டி அப்போதுதான் கிளம்பி, அவர்கள் காரை உரசிக்கொண்டு போனது. கண்ணாடிக்குப் பின்னால் துர்காவின் மஞ்சள் பூசிய முகத்தை மூவருமே பார்த்தார்கள். வண்டி சுடுகாட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. போய்விட்டாள், இனி ஒன்றுமில்லை என்று ரேஷ்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும், உள்பக்கமாக, ஆவி படிந்திருந்தது.

அதற்கப்புறம் யாரும் கடலைப் பற்றிப் பேசவில்லை. சிட்லபாக்கத்தில் இருக்கும் ஜீவிதாவின் வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவானது. ஏரிக்கரையைச் சுற்றி வந்தார்கள். தண்ணீர் தெரிந்தது. மாலை நடைக்கு வந்த பெரியவர்கள் தெரிந்தார்கள். அடுத்த திருப்பத்தில் ஜீவிதாவின் தெரு.

திரும்பினார்கள்.

சந்து காலியாக இருந்தது. சாமியானா இல்லை, நாற்காலிகள் இல்லை. வாசல்படியைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஈரம் இன்னும் காயவில்லை. இரும்பு கேட் திறந்து கிடந்தது. சுடுகாட்டுக்கு ஆண்கள் போயிருந்தாலும் பெண்கள் வீட்டில் இருக்க வேண்டுமே? ஒருவரும் இல்லை. பேபியின் வீடும் பூட்டியிருந்தது.

ஜீவிதா அம்மாவுக்குப் போன் செய்தாள். நடந்ததை எல்லாம் ஒப்பித்தாள். மறுமுனையில் அம்மா எதையோ கேட்டாள். 

"அவளுக்குத் தெரியாதும்மா" என்றாள் ஜீவிதா. பிறகு, "ம். அவ ஒருத்திதான் சொன்னா" என்றாள். பிறகு, "சரி" என்றாள்.

அந்தச் 'சரி' தன்னைப் பற்றியது என்று ரேஷ்மாவுக்குப் புரிந்தது. ஜீவிதாவுக்குக் காய்ச்சல் வந்த நாலு நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள். 

"ரேஷ், உள்ள ஒரு எட்டு வெச்சுட்டு வந்துடு. வரேன்னு சொன்னேல்ல, வந்தாச்சுன்னு ஆயிடும். நாங்க இங்கயே நிக்கறோம்" என்றாள் ஜீவிதா. திரும்பிப் பார்த்துச் சொல்லவில்லை.

"நீயும் கூட வா."

"நான் சொல்லலையே."

ரேஷ்மா ஜோஷ்வாவைப் பார்த்தாள். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தில் தொங்கிய சிலுவையை வாயில் கடித்துக்கொண்டிருந்தான்.

அவள் இறங்கினாள். கதவைச் சாத்தியதுமே பின்னால் அது பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான்கு கதவும் ஒரே சமயத்தில். கண்ணாடியைத் தட்டினாள். அடித்தாள். ஜோஷ்வா ரிவர்ஸ் எடுத்தான். ஜீவிதா மடியைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டேதான் போனாள். இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை, அவர்களுக்கு முறை தெரியும்.

கார் சந்துமுனையில் திரும்பியது. ரேஷ்மா பின்னாலேயே ஓடினாள். முனையில் திரும்பினாள். எதிரே ஈர வாசல்படி. திறந்த கேட்.

மறுபக்கம் ஓடினாள். ஈர வாசல்படி. கேட்.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ தூரத்தில் மின்சார ரயில் போகும் சத்தம். மூச்சு வாங்கியது. போனில் சிக்னல் இருந்தது. ஜீவிதா எடுக்கவில்லை. ஜோஷ்வா எடுக்கவில்லை. டர்பனில் அம்மாவுக்கு மணி அடித்தது. ஒரு முறை. இரண்டு முறை. யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை. ஒரு மோட்டார் ஓடும் சத்தம் மட்டும்.

உள்ளே ஏதோ விழுந்தது.

மறுபடி. தொப். பிறகு இழுபடும் சத்தம். தொப். இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிவைக்கிற சத்தம்.

ரேஷ்மா எப்போது கேட்டைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் கேட் சாத்திக்கொண்டது.

துர்கா வந்தாள்.

மூக்கில் பஞ்சு. தாடையைச் சுற்றி உச்சியில் முடிந்த வெள்ளைத் துணி. சேர்த்துக் கட்டிய கால் பெருவிரல்கள். கண்கள் மட்டும் அகலத் திறந்திருந்தன. அவற்றில் கோபம் துளிகூட இல்லை. ரொம்ப நாள் கழித்து விருந்தாளியைப் பார்த்தவளின் சந்தோஷம் இருந்தது.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். ரேஷ்மாவின் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். ஐஸ் பெட்டிக்குள் இருந்த குளிர், அந்தக் கையில்.

பிறகு தரையில் உட்கார்ந்தாள். தன் கால் கட்டைப் பொறுமையாக அவிழ்த்தாள். ரேஷ்மாவின் ஷூவைக் கழற்றினாள். ஒன்று. இன்னொன்று. இரண்டு பாதங்களையும் ஒட்டினாற்போல் சேர்த்துவைத்தாள். பெருவிரல்களைச் சுற்றித் துணி இறுகியது. ஒரு முடிச்சு. மேலே இன்னொரு முடிச்சு.

ரேஷ்மா கத்த வாயைத் திறந்தாள்.

துர்கா தன் தலைக் கட்டை அவிழ்த்தாள். தாடை தளர்ந்து மார்பு வரை தொங்கியது. துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். சின்னக் குழந்தைக்குத் தலை வாரும்போது பிடிப்பதுபோல ரேஷ்மாவின் மோவாயைப் பிடித்தாள். மெல்ல, மெல்ல, வாயை மூடினாள்.