மூன்று முறை, பதினைந்து நிமிடம்

காலை 10.40. ஐந்நூறு மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையில் பாதியைக் காணவில்லை.

தேனி பக்கத்துக் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறை, போன வாரம் அந்த மாத்திரைக்கு 'முழு அளவு' என்று சான்று கொடுத்திருந்தது. மிச்ச மாத்திரைகளை மதுரையில் சோதித்தவர்கள் இருநூற்று நாற்பதுதான் என்றார்கள். துறைத்தலைவர் லிங்கேஸ்வரன் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்தார். படித்தவரல்லவா, சம்பளம் குறைந்த ஆளாகப் பார்த்துப் பிடித்தார்: ஆய்வகப் பணியாளர் மூக்கம்மாள்.

"நான் அளந்தப்ப முழுசா இருந்துச்சு. அப்புறம் இந்தம்மாதான் டப்பாவ மாத்திருக்கு."

"ஆத்தாடி! காய்ச்சலுக்கே மாத்திரை முழுங்காதவ சார் நானு."

பன்னிரண்டு மணிக்குள் அவளை வேலையைவிட்டு நிறுத்துவதாக முதல்வர் தங்கப்பாண்டியன் அறிவித்தார். முடிவெடுப்பதில் வேகமானவர், யோசிக்கும் வேலை மிச்சம்.

ரெக்கார்டு நோட்டில் லிங்கேஸ்வரனின் கையெழுத்துக்காக மூன்று நாளாக ஆய்வக வாசலில் காய்ந்துகொண்டிருந்த மாணவி ஜெபா, பொழுது போகாமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். மாத்திரையின் அளவைக் கண்டறியும் மின்வேதி டைட்ரேஷன் இயந்திரத்தில் மின்னோட்டத்தைக் கூட்டும் குமிழ், தீபாவளிக்கே உடைந்து ஒரே அளவில் நின்றுவிட்டிருந்தது.

10.55. "சார், எத்தனை தடவை அளந்தீங்க?" என்றாள்.

"மூணு தடவை. பதினஞ்சே நிமிஷம். முப்பது வருஷம் பியூரெட் பிடிச்ச கை!"

ஜெபா ஆய்வகச் சாவிப் பதிவேட்டில் போன வாரப் பக்கத்தைப் புரட்டினாள். "மூக்கம்மாக்கா, இது யாரு எழுதுனது?"

"அன்னைக்குச் சார்தான் அவுக கையாலயே எழுதுனாக. 11.05க்கு வாங்கி, 11.20க்குக் குடுத்தாக."

11.10. ஜெபா முதல்வர் பக்கம் திரும்பினாள்.

"இந்த மெஷின்ல பியூரெட் குழாய் கிடையாது சார், சட்டுனு திறந்து கரைசலை விட. மின்சாரம் கொஞ்சங்கொஞ்சமா அயோடினை உண்டாக்கும், அது வைட்டமினைத் தின்னும். வைட்டமின் தீந்தாத்தான் கரைசல் நீலமாகும். குமிழ் உடைஞ்சதால மின்சாரம் மாறாது, அதனால ஆகுற நேரந்தான் அளவு. சார் ரிப்போர்ட்ல எழுதியிருக்கிற முழு மாத்திரைக் கணக்குக்கு ஒரு தடவைக்கு ஒம்பது நிமிஷம். மூணுக்கு இருபத்தேழு."

"அப்ப சார் அளக்கவே இல்லையா?" என்றார் முதல்வர்.

"சேச்சே, உழைப்பைக் குறை சொல்லாதீங்க. பாதி மாத்திரைக்கு நாலரை நிமிஷம். மூணு தடவை, நடுவுல கழுவ ஒன்றரை நிமிஷம். சரியாப் பதினஞ்சு. சார் நல்லாவே அளந்திருக்காங்க. அன்னைக்கே பாதிதான்னு தெரிஞ்சுதான் முழுசுன்னு எழுதியிருக்காங்க."

லிங்கேஸ்வரன் ஆய்வகச் சாவியோடு வாசலைப் பார்த்து நடந்தார்.

11.20. மூக்கம்மாள் பதிவேட்டை அவர் முன் விரித்தாள்.

"சாவியக் குடுத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார். நேரத்தையும் மறக்காம எழுதுங்க."