செசிலிக்குப் பின்னால் ஒருவன்

முட்டம் பாறையில் அன்று மத்தியானம் இருந்தவர்கள் ஆறு பேர்.

இன்ஸ்பெக்டர் சுயம்பு. படம் வரைகிற ஞானையன். கருவாட்டு முதலாளி யேசுரத்தினம். அவர் பெண்டாட்டி இசபெல். மீசை வைத்த வள்ளக்காரன் ரசலையன்.

ஆறாவது ஆள் நாடக வாத்தியார் சிலுவை. அவர் மட்டும் படுத்திருந்தார்... விலாவில் ஒரு கத்தியோடு!

"யாருக்க கத்திடே இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கத்திப்பிடி முழுக்க பச்சை, நீலம், மஞ்சள். ஞானையன் மறைத்துப் பிரயோசனமில்லை.

"எனக்க கத்திதான் ஏமானே. சாயம் சுரண்டுகது. காலத்த வரும்போ சாயப்பெட்டியில இருந்துது. பெறவு காணல்ல."

"நீ எங்க இருந்தே?"

"இங்கதான். முதலாளிக்க மவள் செசிலியை வரைஞ்சிட்டிருந்தேன். முதலாளிதான் கூட்டிட்டு வந்தாரு. மூக்கு சரியா வரல்ல. ரெண்டு மணிக்கூறா மூக்கைத்தான் பாத்தேன்."

"பாறைக்கு அந்தப் பக்கம் ஒருத்தனை எவனோ குத்திக் கொன்னிருக்கான். நீ மூக்கைப் பாத்தே."

"சின்ன மூக்கு ஏமானே."

குழந்தையை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. படம் மட்டும் சட்டத்தில் நின்றது. அலையோரத்தில் ஐந்து வயது செசிலி, கையில் சங்கு. அவளுக்குப் பின்னால், பாறைமேல், பழுப்பாய் ஒரு தீற்றல்.

இன்ஸ்பெக்டர் அதில் விரலை வைத்தார்.

"இது யாருடே?"

"பாறை."

"பாறைத் தலையில வெள்ளையா?"

"கடல்காக்கா எச்சம்."

"எனக்குத் தலைக்கெட்டு மாதிரித் தெரியுது. நீ ஆளைப் பாத்திருக்கே. பயந்து மழுப்பி வச்சிருக்கே. அஞ்சு மணிக்குள்ள இவனைத் தெளிவாக்கு. ஆளு தெரிஞ்சா அவன் உள்ளே. தெரியல்லேன்னா நீ உள்ளே. கத்தி உனக்கது."

"பாறையை எப்படி ஏமானே..."

"வரையுடே."

யேசுரத்தினம் தொண்டையைச் செருமினார். "அப்படியே மவளுக்க நிறத்தையும் கொஞ்சம் ஏத்திரும்."

"ஒங்களுக்கு நாணமில்லியா?" என்றாள் இசபெல். "மனுசன் செத்துக் கிடக்காரு."

"அதுக்கு எனக்க பிள்ள கறுத்துக் கிடக்கணுமா?"

ஞானையன் தூரிகையை எடுத்தான்.

உண்மையில் பாறைமேல் அவன் யாரையும் பார்க்கவில்லை. மீசை வைத்தால் ரசலையன் தூக்கில் தொங்குவான். வைக்காவிட்டால் வேறு எவனாவது. வரையாவிட்டால்... இவனே!

பழுப்பைத் தொட்டபோது ஒரு வழி தோன்றியது.

முகத்தைக் கடல் பக்கம் திருப்பிவிட்டான். மூன்று மணிக்குப் பாறைக்கு இரண்டு கால் முளைத்தது. இரண்டும் வளைந்த கால். நாலு மணிக்கு எச்சம் தலைக்கெட்டாயிற்று. நாலரைக்கு வயிறு வந்தது. சாதாரண வயிறா? வேட்டிக்கு மேலே சரிந்து, பழுத்த வருக்கைப் பலாப்பழம் போலத் தொங்கியது!

"முடிஞ்சுது ஏமானே."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கள்ளுப்பானைக்குக் கால் வச்ச மாதிரில்லா இருக்கு" என்று ரசலையன் சிரித்தான்.

இன்ஸ்பெக்டர் தன்னையறியாமல் தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

யேசுரத்தினம் கிட்டே போய்ப் பார்த்தார். எட்ட வந்து பார்த்தார். முகம் சிவந்தது.

"ஓய் ஞானையா."

"சொல்லும் முதலாளி."

"இது அநியாயம் பாத்துக்கோ. எனக்கு எங்கவே இம்பிடு தொப்பை?"

ஞானையன் தூரிகையைக் கீழே வைத்தான்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"யாருக்கு?"

யேசுரத்தினம் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

"அந்தச் சிலுவையும் இதையேதான் சொன்னான் ஏமானே. பதினெட்டு வருசமா கோயில் திருநாள் நாடகத்துல ராசகுமாரன் நான்தான். இந்த வருசம் வயிறு பெருத்துப் போச்சாம். எனக்கு ராசகுமாரனுக்கு அப்பன் வேசமாம். ராசகுமாரன் இந்த ரசலையனாம். அப்படி அவன் சொல்லும்போ சாயப்பெட்டி தொறந்து கிடந்துது. கத்தியை எடுத்துட்டு அவனுக்க பெறவே அந்தப் பக்கம் போனேன்..."

"அதுக்குக் குத்துவேளா?" இசபெல் தலையில் அடித்துக்கொண்டாள். "அவரு சொன்னதுல என்ன பொய்யி?"

இன்ஸ்பெக்டர் ஞானையனை முறைத்தார். "அப்ப நீ பாத்திருக்கே."

"இல்ல ஏமானே. அது பாறையேதான். இருவது வருசமா ஆளுகளை வரையுகேன். அடுத்தவன் தொப்பைக்காகச் சண்டை பிடிக்க ஒருத்தனும் வந்ததில்ல."

ஆறு மணி. லாக்கப்.

யேசுரத்தினம் உள்ளே போனார். இரும்புக் கதவு சாத்தப்பட்டது.

"ஏமானே... உள்ள ஒரு கண்ணாடி கிடைக்குமா?"

"கண்ணாடியெல்லாம் இல்ல வேய்" என்று இன்ஸ்பெக்டர் சாவியைத் திருப்பினார். "வேணும்னா ஞானையனை வரச் சொல்லுகேன்."