பொத்தான் நூல்

அன்று நூல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. தையல்காரிக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

அவள் கணவர் முப்பது வருடம் நீரேற்று நிலையத்தில் இரவுப் பணி பார்த்தவர். இதயம் பலவீனமாகி வேலையை விட்ட பிறகும் அவருக்குப் பகலில்தான் தூக்கம் வரும். அதற்காகவே படுக்கையறை ஜன்னலுக்கு இரட்டைக் கறுப்புத் துணியில் திரை தைத்துப் போட்டிருந்தாள். மூன்று தலையணைகளில் சாய்ந்து, பாதி உட்கார்ந்தபடி அவர் விடும் குறட்டை நடுவில் அறுந்துபோகும். தொண்டை அடைத்துக்கொள்ளும். மார்பு மட்டும் காற்றுக்காக வீணாகத் துடிக்கும்.

“ஒவ்வொரு தடவை மூச்சு அடைக்கும்போதும் அந்த இதயம் அடி வாங்குதும்மா. முகமூடி மெஷின் மாட்டாம தூங்க விடாதீங்க” என்றார் டாக்டர்.

மெஷின் வந்தது. பெட்டியைப் பிரிக்காமலே பீரோ மேல் ஏற்றிவிட்டார் மனிதர்.

“அதை மாட்டினா யானைக்குட்டி மாதிரி இருப்பேன். நீ இருக்கறப்ப எனக்கு எதுக்கு மெஷின்?”

அந்தக் கடைசிப் பேச்சில் அவள் மனம் குளிர்ந்து போனாள். அதுதான் அவள் செய்த தப்பு. அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானில் கெட்டி நூலைக் கட்டி, கதவுக்கு அடியில் கூடம் வரை இழுத்து, மறுமுனையைத் தன் இடது சுண்டுவிரலில் முடிந்துகொண்டு தைக்க உட்கார்ந்தாள். நூல் நீளமாக இழுத்துத் தளர்ந்தால் மூச்சு ஓடுகிறது. வெறுமனே நடுங்கினால் தொண்டை அடைத்திருக்கிறது. பத்து வரை எண்ணுவாள். இரண்டு தடவை சுண்டுவாள். உள்ளே ஒரு பெரிய செருமல், கட்டில் கிறீச்சிடும், மறுபடி குறட்டை. ஒரு பகலில் முப்பது நாற்பது தடவை இந்த வேலை நடக்கும்.

போன வாரம் நடுக்கம் குறைந்தது. தேறி வருகிறார் என்று அக்காவுக்குப் போன் செய்துகூடச் சொல்லிவிட்டாள். ஆனால் அவர் முகத்தில் தேறிய களையே இல்லை. மாலையில் மண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உதடு கறுத்திருந்தது. வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை.

“நீ இப்பல்லாம் என்னை எழுப்பறதே இல்ல” என்றார் அன்று காலை படுக்கப் போகும்போது.

“அடைக்கவே இல்லைங்க. நூல் நல்லாத்தான் ஓடுது.”

“யாரோ பக்கத்துல படுத்துக்கிட்டு என் மூச்சை எடுத்துக்கற மாதிரியே இருக்கு.”

“உங்க பக்கத்துல படுக்க என்னை விட்டா எவ வருவா?”

இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பயந்துபோய் அவள் பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கினாள்.

“நாளைக்கு மாட்டிக்கறேன். ஒரு நாள்ல என்ன குடி முழுகிடும்?” என்று சொல்லிவிட்டுப் படுத்தவர்தான்.

இப்போது பதினோராவது காலரை முடித்திருந்தாள். நூல் இழுத்தது, தளர்ந்தது, இழுத்தது. இருபத்தாறு வருடமாக அந்த மூச்சைக் கேட்டவள் அவள். அது ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை. மிதியிலிருந்து காலை எடுத்தாள். தையல் மெஷினின் கடகடப்பு அடங்கியதும் மின்விசிறியின் முனகல் கேட்டது, குழாயில் எங்கோ தண்ணீர் இறங்குவது கேட்டது, கதவுக்கு அடியிலிருந்து ஈரத்தோடு மடித்து வைத்த துணியின் மக்கிய வாடை வந்தது.

குறட்டை மட்டும் கேட்கவில்லை.

இரண்டு தடவை சுண்டினாள்.

செருமல் இல்லை. உள்ளேயிருந்து நூல் இரண்டு தடவை திருப்பிச் சுண்டியது.

“என்னங்க?”

கதவைத் தள்ளினாள். கூடத்து வெளிச்சம் அவர் பாதங்கள் வரைதான் போனது. தொட்டாள். சில்லென்றிருந்தது. முழங்கால், கை, தோள். எல்லாம் விறைத்திருந்தன. வாய் திறந்தே கிடந்தது. சட்டையைத் தடவினாள். இரண்டாவது பொத்தான் இல்லை. அந்த இடத்தில் பிய்ந்த இழைகள்.

விரலில் நூல் இழுத்தது. தளர்ந்தது.

அது அவர் மார்பைத் தாண்டி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் இறங்கியிருந்தது.

ஐயோ, இத்தனை நாளாக யார் மூச்சுக்குக் காவல் இருந்தேன்? கட்டிலுக்கு அடியில் குறட்டை ஆரம்பித்தது. அச்சு அசலாக அவருடைய குறட்டை.

சட்டென்று அது அறுந்தது.

நூல் நடுங்கியது. அவளை அறியாமலே உதடு எண்ணியது. ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

அவள் சுண்டவில்லை.

பதினொன்று.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவளே போட்ட முடிச்சு. இழுக்க இழுக்க இறுகியது. இடுக்குக்குள்ளிருந்து, கைமாற்றிக் கைமாற்றி, யாரோ பொறுமையாக நூலைச் சுருட்டத் தொடங்கினார்கள்.